வீட்டு பில்டர் காபி ஏன் ஹோட்டல் காபி போல வருவதில்லை? சிக்கரிதான் காரணமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: இத்தனை நாள் 80:20 பொடி (காபி 80, சிக்கரி 20 சதவீதம்) வாங்கிக்கொண்டிருந்தீர்கள். காபி சுமாராக இருந்தது, ஆனால் ஹோட்டல் காபி அளவுக்கு இல்லை. மைத்துனர் வந்து “சிக்கரி கலந்ததெல்லாம் கலப்படம், நல்ல நாக்கு உள்ளவன் அதைத் தொடமாட்டான்” என்றார். சிக்கரி இல்லாத பொடிக்கு மாறினீர்கள். விலை கூடியது, காபி முன்பைவிட மோசமாகிவிட்டது. இப்போது பொடி சரியில்லையா, கைப்பக்குவம் சரியில்லையா, நாக்கே சரியில்லையா என்று கேட்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிக்கரி கலப்பது முறைகேடா என்பது சட்டம் சம்பந்தப்பட்டது. மாறியதும் ஏன் கெட்டது என்பது வெறும் கணக்கு. எது உயர்ந்த காபி என்பது ருசி. முதல் இரண்டுக்கும் உறுதியான பதில் உண்டு. மூன்றாவதில் என் அபிப்பிராயத்தை மட்டும்தான் சொல்ல முடியும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி–சிக்கரி கலவை விற்பது அனுமதிக்கப்பட்ட வியாபாரம். நிபந்தனைகள் இரண்டுதான் முக்கியம்: கலவையில் காபி எடையளவில் 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிட்டுச் சொல்லி விற்றால் அது கலவை. சொல்லாமல் கலந்தாலோ, 80 என்று எழுதிவிட்டு 60 போட்டாலோதான் ஏமாற்று. ஆகவே மைத்துனர் சொன்னது பாதிதான் சரி. சில பிரபலமான பாக்கெட்டுகளை உற்றுப் பாருங்கள், 53:47 என்று இருக்கும். அதுவும் சட்டப்படி சரியே. ஆனால் கிட்டத்தட்ட பாதி சிக்கரியை வாங்கிக்கொண்டு “நான் காபி குடிக்கிறேன்” என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். கலவை விலையை வேறு கடையோடு ஒப்பிடும்போது இந்த எண்ணையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை. காபிக்கொட்டையைவிடச் சிக்கரி மிகவும் மலிவு.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். முள்ளங்கி போலக் கிழங்காக இறங்கும் அந்த வேரை நறுக்கி, உலர்த்தி, வறுத்து, பொடிக்கிறார்கள். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும்தான் அதிகம் விளைகிறது. காபியோடு அதற்கு உறவு எதுவுமில்லை. காஃபின் துளியும் கிடையாது. 1806இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வாணிபத்துக்குத் தடை போட்டபோது ஐரோப்பாவுக்குள் காபி வரத்து சுருங்க, பிரான்சில் அதற்குப் பதிலாகப் பெரிய அளவில் பரவியது இந்த வேர்தான். பஞ்சத்துக்கு வந்த பொருள், பிறகு ருசியாகவே தங்கிவிட்டது. தென்னிந்தியாவில் அது நிலைத்ததற்கு விலை ஒரு காரணம், பால் இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைத்தான் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. உங்கள் பிரச்சினைக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது.

வறுத்த காபிப் பொடியில் தண்ணீரில் கரையக்கூடியது மொத்தமே 30 சதவீதம் அளவுதான். அதிலும் நல்ல ருசியோடு இறங்குவது 18 முதல் 22 சதவீதம் வரை. அதற்கு மேல் இழுத்தால் கசப்பும் துவர்ப்பும்தான் வரும். சிக்கரி அப்படியல்ல. வறுத்த சிக்கரியில் குறைந்தது 55 சதவீதம் தண்ணீரில் கரைய வேண்டும் என்பது அதற்கான தரவிதியே. இப்போது கணக்குப் போடுங்கள். 20 கிராம் சுத்தக் காபிப் பொடியில் சுமார் 4 கிராம் சத்து டிகாஷனில் இறங்கும். அதே 20 கிராம் 80:20 கலவை என்றால், 16 கிராம் காபியிலிருந்து 3.2 கிராம், 4 கிராம் சிக்கரியிலிருந்து (60 சதவீதம் கரைவதாக வைத்தால்) 2.4 கிராம், ஆக 5.6 கிராம். அதாவது அதே ஸ்பூன், அதே தண்ணீர் என்று வைத்துக்கொண்டு சிக்கரியை மட்டும் எடுத்துவிட்டால் டிகாஷனின் கெட்டித்தன்மையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் காணாமல் போய்விடும். நிறமும் வெளுக்கும். அதில் வழக்கம்போலப் பாலை ஊற்றினால் பால்தான் நாக்கில் நிற்கும், காபி நிற்காது. உங்களுக்கு நடந்தது இதுதான். உங்கள் நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. சுத்தக் காபிக்கு மாறுகிறவர்கள் பொடியின் அளவை மூன்றில் ஒரு பங்காவது கூட்ட வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்வதில்லை, பாக்கெட்டிலும் எழுதியிருக்காது.

இந்தக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. 80:20 என்றால் பொடியில்தான் சிக்கரி ஐந்தில் ஒரு பங்கு. டம்ளரில் கரைந்து நிற்பதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அதுதான் (5.6இல் 2.4). 60:40 என்று போனால் காபி 2.4, சிக்கரி 4.8, நீங்கள் குடிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சிக்கரி. எண்கள் தோராயமானவைதான். அரவை, நேரம், தண்ணீரின் சூடு எல்லாம் சேர்ந்து அவற்றை முன்னே பின்னே நகர்த்தும். ஆனால் போகிற திசை மாறாது. அதனால்தான் 20 சதவீதத்துக்கு மேல் போகும்போது காபி மணம் சட்டென்று மங்கி, கருகிய வெல்லம் போன்ற ஒரு இனிப்புக் கசப்பு முன்னால் வந்து நிற்கிறது. என் அபிப்பிராயத்தில், பால் சேர்த்துக் குடிக்கிறவருக்கு 10 முதல் 20 சதவீதம் சிக்கரி நியாயம். 30 என்பது பழக்கம். 40க்கு மேல் போனால் அது காபி வாசனை சேர்த்த சிக்கரி. பால் இல்லாமல் குடிக்கிறவருக்குச் சிக்கரியே வேண்டாம். அங்கே அதற்கு வேலை இல்லை.

இனி போடும் முறை. சிக்கரியைவிடப் பெரிய குற்றவாளி தண்ணீர்தான் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான வீடுகளில் மேல் அடுக்கு முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள், ஏனென்றால் அடுக்கு அவ்வளவு பெரிதாக இருக்கிறது! பொடி எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று பேருக்கு, 80:20 பொடி 25 கிராம். குவித்து எடுத்தால் மூன்று டேபிள்ஸ்பூன் வரும். தண்ணீர் 150 மில்லி, அவ்வளவுதான். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொண்டு திருப்பித் தராது. ஆகவே கீழே இறங்குவது 90, 100 மில்லி இருக்கும். ஆளுக்கு 30 முதல் 35 மில்லி டிகாஷன், 100 மில்லி பால். சுத்தக் காபி என்றால் அதே 150 மில்லிக்கு 33 முதல் 35 கிராம் பொடி போடுங்கள். அது அதிகத் தண்ணீர் குடிக்கும் என்பதால் 165 மில்லி வரை ஊற்றலாம்.

25 கிராமுக்கு 300 மில்லி ஊற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 240 மில்லி டிகாஷன் இறங்கும், பார்க்கவும் கறுப்பாகவே இருக்கும். ஆனால் அதே ருசி வருவதற்கு ஒரு டம்ளருக்கு 30 மில்லி போதாது, 70 மில்லி ஊற்ற வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் 40 மில்லியும் தண்ணீர்தானே. அதாவது பாலில் தண்ணீர் கலக்காதே என்று பால்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, அதே வேலையை டிகாஷன் வழியாக நாமே செய்கிறோம். ஹோட்டல் காபி கள்ளிச்சொட்டாக இருப்பதற்கும் வீட்டுக் காபி கழுநீராகப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இதுதான்.

பில்டரின் மேல் அடுக்கில் பொடியைப் போட்டதும் லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். தண்டு வைத்த ஓட்டைத் தட்டு இருக்கிறதே, அதை வைத்து மெதுவாக அழுத்தினால் போதும். முழங்கை பலத்தைக் காட்ட வேண்டாம். தட்டை உள்ளேயே விட்டுவிட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் ஒரே இடத்தில் குழி பறிக்காமல் பரவலாக இறங்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்ததும் ஊற்றலாம். கொதிநீர் எவர்சில்வரைத் தொட்டவுடனே நாலைந்து டிகிரி இறங்கிவிடும், பொடிக்கு வேண்டிய 90–96 டிகிரியில் வந்து நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இருப்பவர்கள் ஒரு நொடிகூடக் காத்திருக்கக்கூடாது, அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும், ஒரு 40 மில்லி, சுற்றி ஊற்றி அரை நிமிடம் விடுங்கள். புதிதாக வறுத்த பொடி என்றால் உப்பிக்கொண்டு நுரைக்கும். வறுக்கும்போது உள்ளே சிக்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. அது போகாவிட்டால் தண்ணீர் பொடிக்குள் ஒழுங்காக நுழையாது. பிறகு மீதியை நிதானமாக ஊற்றி மூடிவிடுங்கள். நுரையே வரவில்லை என்றால் பொடி பழசு என்று அர்த்தம். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அடுத்த முறை வேறு கடை பார்க்கலாம்.

இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரவை பெருசு, அல்லது பொடி தளர்வாக இருந்திருக்கிறது. டிகாஷன் வெளுத்து, லேசான புளிப்போடு இருக்கும். ஒரு மணி நேரமாகியும் பாதிதான் இறங்கியிருக்கிறது என்றால் மூன்று காரணங்கள். அரவை மாவாக இருக்கலாம். இதற்குக் கடையில் “பில்டர் அரவை” என்று சொல்லி வாங்க வேண்டும். மாவாகவும் இருக்கக்கூடாது, ரவையாகவும் இருக்கக்கூடாது. விரலிடையில் தேய்த்தால் நைசான உப்பு போல நெருடணும். இரண்டாவது, மேல் அடுக்கின் துளைகள் பழைய பொடியின் எண்ணெய்ப்பசையால் அடைந்திருக்கலாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். காலி அடுக்கை அடுப்புத் தீயில் இடுக்கியால் பிடித்துச் சில நொடி காட்டினால் அடைப்பு கருகி உதிர்ந்துவிடும், பிறகு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது: இரண்டு அடுக்கும் மிக இறுக்கமாகப் பொருந்திவிட்டால் கீழே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷனைத் தடுத்து நிறுத்திவிடும். மேல் அடுக்கைத் துளி தூக்கி மறுபடி வைத்தால் போதும், சொட்ட ஆரம்பித்துவிடும். இதைத் தெரியாமல் ஸ்பூனால் பொடியைக் கிளறிவிடுபவர்கள் உண்டு. கிளறினால் வேகமாக இறங்கும்தான், கூடவே வண்டலும் இறங்கும்.

சிக்கரிக்கு இங்கேயும் ஒரு பங்கு இருக்கிறது. அது ஈரத்தில் உப்பி, பொடிப் படுகையை இறுக்கமாக்கித் தண்ணீரை நிதானப்படுத்தும். நம் பில்டரும் நம் கலவையும் ஒன்றுக்கொன்று பழகிக்கொண்டவை. சுத்தக் காபியை அதே அரவையில் போட்டால் தண்ணீர் விறுவிறுவென்று ஓடிவிடும். எனவே சிக்கரி இல்லாமல் வாங்கும்போது அரவையை ஒரு படி நைசாகக் கேட்க வேண்டும். அளவைக் கூட்டினாலும் இந்த ஒன்றை மறந்தால் பாதிப் பலன்தான்.

இரண்டாம் டிகாஷன் பற்றி ஒரு வார்த்தை. முதல் டிகாஷனில் நல்லதெல்லாம் இறங்கிவிட்டது. மறுபடி வெந்நீர் ஊற்றினால் வருவது பெரும்பாலும் கசப்பும் நிறமும். அதைத் தனியாக ஒரு டம்ளருக்குப் பயன்படுத்துவது அவரவர் சிக்கனம், அதில் தப்பு சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதை முதல் டிகாஷனோடு கலந்து வைப்பது, நல்ல காபியையும் சேர்த்துக் கெடுக்கும் வேலை.

டிகாஷனைச் சூடுபண்ணாதீர்கள். அடுப்பில் வைத்த நிமிடமே மணம் ஆவியாகிவிடும். கூடவே காபியில் உள்ள அமிலங்கள் சிதைந்து நாக்கைப் பிடிக்கும் ஒரு கசப்பு உருவாகும். “ஆறின டிகாஷனை ஊற்றினால் காபி ஆறிப்போகுமே” என்பார்கள். ஆறாது. பொங்கி இறக்கிய 100 மில்லி பாலில் அறைச்சூட்டில் உள்ள 35 மில்லி டிகாஷனை ஊற்றினால் கலவை 75 டிகிரிக்குக் குறையாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த டிகாஷன் என்றாலும் 70ஐ ஒட்டி நிற்கும். டவராவில் இரண்டு முறை ஆற்றினால்தான் குடிக்கும் பதத்துக்கே வரும். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே ஆற்றுவது நுரைக்காக மட்டும் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில், மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் டிகாஷன் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் வைத்தால் உடனே கெட்டுப்போகாது, ஆனால் காபி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

பாலைப் பற்றிப் பேசாமல் ஹோட்டல் காபியைப் பற்றிப் பேச முடியாது. சமன்படுத்தப்பட்ட பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்தப்பட்டதில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. ஹோட்டலில் கெட்டிப்பாலைத் தண்ணீர் சேர்க்காமல், அகலப் பாத்திரத்தில் தொடர்ந்து கொதிநிலையில் வைத்திருப்பார்கள். நீர் வற்றி அது இன்னும் கெட்டியாகும். வேகமாகத் தீர்ந்துகொண்டே இருப்பதால் பழைய வாசனை ஏறுவதற்கு நேரம் இருப்பதில்லை. வீட்டில் நாம் காலையில் காய்ச்சிய 3 சதவீதப் பாலை மாலைக்குள் மூன்று முறை சுடவைக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஆடையாகக் கொழுப்பும் புரதமும் மேலே போய்விடுகின்றன. எஞ்சிய பாலில் ஒரு வெந்த வாடை ஏறும், எந்தப் பொடியாலும் அதை மறைக்க முடியாது. நிலைப்படுத்தப்பட்ட பால், தண்ணீர் சேர்க்காமல், ஒரே ஒரு முறை பொங்கியது: இந்த மூன்றும் இருந்தால் காபிக்குப் போதும். நிறைகொழுப்புப் பால் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு அது காபியை அமுக்கிவிடுவதாகப் படுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஹோட்டல் டம்ளரில் சர்க்கரை நீங்கள் வீட்டில் போடுவதைவிட அதிகம், டம்ளரோ சின்னது. அந்த ருசியில் இந்த இரண்டுக்கும் பங்கு இருக்கிறது, அதை முழுதும் வீட்டில் கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை.

சில வீடுகளில் காபி சரியாக வராததற்குத் தண்ணீரே காரணமாக இருக்கும். உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள காரத்தன்மை காபியின் இயல்பான புளிப்பைக் கொன்று சப்பென்று ஆக்கிவிடும். மறுபுறம், ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்பை முழுக்க உறிஞ்சிய தண்ணீரிலும் சத்து ஒழுங்காக இறங்காது. லிட்டருக்கு 150 மில்லிகிராமை ஒட்டி உப்புகள் கரைந்த தண்ணீர் காபிக்கு நல்லது என்பது தொழிலில் உள்ளவர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. உங்கள் ஆர்.ஓ. தண்ணீர் 30, 40 என்று காட்டினால், நல்ல குழாய்த் தண்ணீரை அதில் மூன்றில் ஒரு பங்கு கலந்து கொதிக்கவைத்துப் பாருங்கள்.

பொடி வாங்குவதில் கொட்டையின் வகையும் முக்கியம். அராபிகா மணத்துக்கும் மெல்லிய புளிப்புக்கும், ரோபஸ்டா கனத்துக்கும் கசப்புக்கும். ரோபஸ்டாவில் காஃபின் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அராபிகாவில் 1.2 சதவீதம் என்றால் இதில் 2.2. கடையில் “பிளான்டேஷன் ஏ” என்றால் பழத்தோலும் சதையும் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பெரிய கொட்டை. “பீபெரி” என்றால் ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒன்றே ஒன்றாக விளைந்த உருண்டைக் கொட்டை. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், பார்க்க அழகு. ஆனால் அதன் கூடுதல் விலைக்கு ஏற்ற ருசி பாலில் கலந்தபின் தெரியும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான். பிரித்தெடுக்கும் கூலியும் பெயரின் கவர்ச்சியும்தான் அந்த விலை என்பது என் எண்ணம், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். சிக்கரி இல்லாமல் பால் காபி வேண்டும் என்கிறவர்கள் முழு அராபிகா வாங்குவதைவிட, அராபிகா 70, ரோபஸ்டா 30 என்று அரைத்து வாங்கினால் சிக்கரி கொடுத்த கனத்தில் ஒரு பகுதியை ரோபஸ்டா ஈடுகட்டிவிடும். ஏற்காடு, வால்பாறை, தாண்டிக்குடி என்று நம் மலைகளிலேயே நல்ல அராபிகா விளைகிறது. சிக்மகளூர் என்று பலகை போட்டிருந்தால்தான் காபி என்று எண்ண வேண்டியதில்லை.

எந்தப் பொடியானாலும் பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். அரைத்த பொடி காற்றோடு சேரச் சேர நாள்கணக்கில் மணம் இழக்கும். ஒரு கிலோ வாங்கி மாதம் முழுக்க வைத்துக்கொள்பவர் கடைசி வாரத்தில் குடிப்பது வெறும் கசப்பு. காற்றுப்புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தினமும் வெளியே எடுத்தால் உள்ளே ஈரம் கோக்கும். பித்தளை பில்டரில் போட்டால் ருசி கூடும் என்பதற்கு எந்த ஆதாரமும் நான் கண்டதில்லை. பித்தளை சூட்டைத் தாங்குவது உண்மை, பார்வைக்கு லட்சணம் என்பதும் உண்மை. வாங்குவதானால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூசாத பித்தளையில் காபியின் புளிப்பு பட்டால் உலோகம் கரையும்.

கலப்படச் சந்தேகத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து அதன் மேல் ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவுங்கள். காபி எண்ணெய்ப்பசை உள்ளது, சற்று நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடியிலேயே பழுப்பு நிறக் கோடுகளை விட்டபடி மூழ்கும். “சுத்தக் காபி” என்று வாங்கியதில் இப்படிக் கோடு இறங்கினால் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனை சிக்கரி இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும், எத்தனை சதவீதம் என்று சொல்லாது. மிக நைசான அரவையும், அதிகம் வறுத்த பொடியும் கண்ணை ஏமாற்றலாம். கருக்கி அரைத்த புளியங்கொட்டை, பேரீச்சங்கொட்டை போன்றவற்றை இதை வைத்து உறுதியாகப் பிரித்தறிய முடியாது, அதற்குப் பரிசோதனைக்கூடம்தான். 2024 கடைசியிலிருந்து பிரேசில், வியட்நாம் வறட்சியால் காபிக்கொட்டை விலை ஏறி, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா முதன்முறையாகப் பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. கொட்டை இப்படி ஏறும்போது பொடி விலை மட்டும் நகராமல் நின்றால், பாக்கெட்டில் உள்ள சதவீதத்தை மறுபடி ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

உடம்பைப் பற்றிக் கேட்காவிட்டாலும் இரண்டு வரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் நாளொன்றுக்குக் காஃபின் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மில்லி பில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும் என்றும் அதிலேயே இருக்கிறது. இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்பதும் அதில் உள்ள அறிவுரை. சிக்கரி கூடக்கூட டம்ளரில் காஃபின் குறையும். மாலையில் குடித்தால் தூக்கம் வராதவர்கள் 60:40 வைத்துக்கொள்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. சிக்கரி கல்லீரலுக்கு நல்லது, குடலுக்கு நல்லது என்று வரும் பகிர்வுகளை ஒரு டம்ளரில் கலக்கும் இரண்டு கிராமை வைத்து நம்ப வேண்டாம். வயிற்றெரிச்சல் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

எது உயர்ந்தது என்ற கடைசிக் கேள்விக்கு: சிக்கரி இல்லாத காபியை விரும்புவது உயர்ந்த நாக்கு, சேர்த்து விரும்புவது தாழ்ந்த நாக்கு என்பதை நான் ஏற்கவில்லை. பாலும் சர்க்கரையும் முக்கால் பங்கு இருக்கும் ஒரு பானத்தில் சுத்தம் பேசுவதே கொஞ்சம் வேடிக்கை. உங்கள் பொடியைப் பார்க்காமல், மணம் பிடிக்காமல் இன்ன விகிதம்தான் உங்களுக்குச் சரி என்று என்னால் சொல்ல முடியாது. நீங்களே கண்டுபிடிக்கலாம். சிக்கரி கலக்காத பொடி 200 கிராமும், தனிச் சிக்கரி 50 கிராமும் தனித்தனியாக வாங்குங்கள். காபிப் பொடி அரைத்துத் தரும் கடைகளில் சிக்கரியைத் தனியாகவே தருவார்கள். சமையல் தராசில் 22.5 கிராம் காபிக்கு 2.5 சிக்கரி, 20க்கு 5, 17.5க்கு 7.5 என்று மூன்று கலவை நிறுத்து, ஒவ்வொன்றுக்கும் 150 மில்லி தண்ணீர் விட்டு, ஒரே பால், ஒரே அளவு சர்க்கரையில் கலந்து, டம்ளரின் அடியில் எண் ஒட்டி, எந்த டம்ளரில் எந்தக் கலவை என்று தெரியாமல் வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள். மைத்துனருக்கும் ஒரு டம்ளர் நீட்டுங்கள். முதல் விகிதத்தில் பால் மேலோங்கி நின்றால் சிக்கரியைத் தொடாமல் பொடியை 30 கிராமாக்கிப் பாருங்கள். மூன்றாவதில் தொண்டையில் கருகல் தங்கினால் அது உங்களுக்கு இல்லை. பிடித்த விகிதம் கிடைத்ததும் அதையே கடையில் சொல்லி, உங்கள் கண்ணெதிரே நிறுத்து அரைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.